பிளாட்டின மருந்து பிளாஸ்மா புரதத்தில் ஒட்டும் வேகத்தை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு எம்எஸ்சி மாணவி திட்ட அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். "சிஸ்பிளாட்டின், புரதப் பிணைப்பு 62 சதவீதம்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. சிஸ்பிளாட்டின் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பிளாட்டின மருந்து. பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் நீங்கிய ரத்த நீரில், உள்ள புரதத்தோடு அது எவ்வளவு ஒட்டியது என்பதுதான் அந்த எண்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் நாலு மணிக்கு சார்."

"அது இல்லம்மா. மருந்தைக் கலந்து எத்தனை மணி நேரம் கழிச்சு?"

"காலைல வச்சேன் சார். ஒண்ணும் ஆகாதுன்னுல்லா நெனைச்சேன்."

எங்கள் பக்கம் பதநீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய பதநீர் எவ்வளவு புளிக்கும் என்று யாராவது கேட்டால், "இறக்கி எவ்வளவு நேரமாச்சு?" என்பதுதான் முதல் பதில். சிஸ்பிளாட்டினும் அப்படித்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகள், பிளாஸ்மாவில் அதிகம் உள்ள புரதமான ஆல்புமினோடு சேர்வதும் விலகுவதுமாக நொடிகளில் ஒரு சமநிலைக்கு வந்துவிடும். அவற்றுக்கு ஒரே ஒரு சதவீதம் போதும். பிளாட்டினமோ புரதத்தின் கந்தகத்தோடும் நைட்ரஜனோடும் வேதிப் பிணைப்பே போடுகிறது. மெதுவாகப் போடுகிறது, போட்டதை எளிதில் விடுவதும் இல்லை. அதனால் நாம் அளக்கப்போவது ஒரு சதவீதத்தை அல்ல, ஒரு வேகத்தை. கீழே வரும் படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தால்தான் இப்படி இருக்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் வசதியை மனதில் வைத்து எழுதுகிறேன்: குளிர்விக்கும் மையவிலக்கி ஒன்று, நிறமாலைமானி ஒன்று, 37 டிகிரி நீர்த்தொட்டி ஒன்று. உலோகத்தை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி நம்மிடம் இருக்காது. தேவைப்பட்டால் மாதிரியை வெளியே அனுப்பிக்கொள்ளலாம்.

1. கலப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. மனித ரத்தம் என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கொடுப்பவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி சோதனை முடிந்த ரத்தமாக இருக்கட்டும். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஆறு மாதம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாதுகாப்பு. இவை செல்லைக் கொல்லும் மருந்துகள், மரபணுவையும் பாதிக்கும். இரட்டை நைட்ரைல் கையுறை, முழுக்கைக் கோட்டு, கண்ணாடி இல்லாமல் குப்பியைத் திறக்க வேண்டாம். மருந்து பட்ட முனை, குழாய், கையுறை எல்லாம் மஞ்சள் பையில், உயிரணு நச்சு என்று எழுதிய சீட்டோடு போகும். சாதாரண மருத்துவக் கழிவோடு கலக்கக் கூடாது. 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டிய வகை இது.

மருந்துக் கரைசல். மருத்துவமனைகளில் வரும் சிஸ்பிளாட்டின் ஊசிமருந்து பெரும்பாலும் மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவில், உப்புக் கரைசலில் இருக்கும். நம் வேலைக்கு அதுவே வசதி. அதைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். மஞ்சள் படிகமாக அடியில் இறங்கிவிடும். வெளிச்சம் படாமல் வெளியிலேயே இருக்கட்டும். ஆனால் மே மாதத்தில் நம் ஊர் "அறை வெப்பநிலை" புத்தகத்தில் உள்ள 25 டிகிரி அல்ல. ஏசி இருக்கும் அறையில் வையுங்கள்.

தூளாக வாங்கினால் உப்புக் கரைசலில்தான் கரைக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் பேர் விழுகிறார்கள். தூள் சீக்கிரம் கரையவில்லை என்று டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை ஊற்றிவிடுவார்கள். டிஎம்எஸ்ஓவில் உள்ள கந்தகம் பிளாட்டினத்தில் இருக்கும் குளோரைடை வெளியே தள்ளி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். குப்பி மேல் சிஸ்பிளாட்டின் என்று இருக்கும், உள்ளே இருப்பது வேறு சேர்மம். பிறகு எத்தனை முறை செய்தாலும் எண் ஒத்துவராது.

இதே குடும்பத்து மருந்தான ஆக்சாலிபிளாட்டினுக்கு நேர் எதிர் விதி. அதை உப்புக் கரைசலில் வைக்கக் கூடாது, குளோரைடு அதன் ஆக்சலேட்டைப் பிடுங்கிவிடும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் வைக்க வேண்டும். இவை இரண்டுக்கும், இன்னொரு பிளாட்டின மருந்தான கார்போபிளாட்டினுக்கும் அலுமினியப் பாகம் உள்ள ஊசியும் பாத்திரமும் ஆகாது. பிளாட்டினம் அதில் கறுப்பாகப் படியும்.

பஃபர், அதாவது பிஎச் மாறாமல் காக்கும் கரைசல். ட்ரிஸ் வேண்டாம், அதன் அமீன் பிளாட்டினத்தோடு சேரும். பாஸ்பேட்டும் முழுக்க அப்பாவி அல்ல. ஹெப்பிஸ் 20 மில்லிமோலார், பிஎச் 7.4, அதில் சோடியம் குளோரைடு 100 மில்லிமோலார்: இதுதான் நான் கொடுப்பது. குளோரைடு ஏன் என்பதைப் படி 3-இல் சொல்கிறேன். கடையில் வாங்கிய புரதக் கரைசலில் சோடியம் அசைடு போட்டிருக்கிறதா என்று சீட்டைப் படியுங்கள். அசைடும் பிளாட்டினத்தைப் பிடிக்கும்.

வடிகட்டி. 30 கிலோடால்டன் அல்லது 10 கிலோடால்டன் வெட்டெல்லை உள்ள அரை மில்லி மையவிலக்கு வடிகட்டிகள். கிலோடால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு; வெட்டெல்லையைவிடப் பெரிய மூலக்கூறை வடிகட்டி தடுக்கும். ஆல்புமின் 66.5 கிலோடால்டன், அதனால் இரண்டுமே தடுத்துவிடும். 30 சீக்கிரம் வடியும். எனக்கு அதுதான் பிடிக்கும். படலத்தில் தடவியிருக்கும் கிளிசரினை முதலில் தண்ணீர் விட்டு ஒருமுறை சுழற்றிக் கழுவிவிடுங்கள்.

2. பிளாஸ்மா எடுப்பது

ஹெப்பாரின் குழாயில் எடுங்கள். ஈடிடிஏ குழாய் எல்லா லேபிலும் கிடைக்கும், அதனாலேயே தப்பு நடக்கும். ஈடிடிஏ உலோகத்தைப் பிடிப்பதற்கென்றே உள்ள பொருள். பிளாட்டினம் சோதனையில் அதை நாமே கொண்டுபோய் ஊற்றக் கூடாது.

4 டிகிரியில் 2000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தக் குழாயை விட்டுவிடுங்கள். சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபினும் குளூட்டாதயோனும் வெளியே வந்திருக்கும். இரண்டும் பிளாட்டினத்தை வாங்கிக்கொள்ளும். அதிலும் ஆக்சாலிபிளாட்டின் சிவப்பணுவுக்குள்ளேயே போய்த் தங்கக்கூடியது.

எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். எட்டு நேரப்புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 0.4 மில்லி, மூன்று தடவை: 9.6 மில்லி. வெற்றுச் சோதனை, அளவீட்டுக் கோடு, கை தவறுவது எல்லாம் சேர்த்து 20 மில்லி பிளாஸ்மா. ரத்தத்தில் பாதியும் கொஞ்சமும்தான் பிளாஸ்மா. ஆக 40 மில்லி ரத்தம். ஒருவரிடமே எடுக்காமல் இரண்டு மூன்று பேரிடம் வாங்கிக் கலந்துகொண்டால், ஒருவரின் ஆல்புமின் அளவு மட்டும் முடிவைத் தீர்மானிக்காது.

கார்போபிளாட்டினும் செய்வதாக இருந்தால் பிளாஸ்மாவை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் படி 8-இல்.

3. மருந்தின் அளவைத் தீர்மானிப்பது

மில்லிக்கு 10 மைக்ரோகிராம் சிஸ்பிளாட்டின் என்று வையுங்கள். மூலக்கூறு எடை 300, ஆக 33 மைக்ரோமோலார். அதில் பிளாட்டினத்தின் பங்கு 65 சதவீதம், அதாவது 6.5 மைக்ரோகிராம். 3.96 மில்லி பிளாஸ்மாவில் 1 மில்லிகிராம் கரைசல் 40 மைக்ரோலிட்டர் விட்டால் கணக்கு சரியாக வரும்.

ஏன் இவ்வளவு குறைவு? லிட்டருக்கு 40 கிராம் ஆல்புமின் என்றால் அது 600 மைக்ரோமோலார். மருந்தைவிட 18 மடங்கு அதிகம். புரதம் இப்படி மிதமிஞ்சி இருந்தால் அதன் அளவு மாறாதது போலவே இருக்கும். மருந்து குறைவது மட்டும் ஒரு எளிய முதல்படி வினையாகத் தெரியும். கணக்கு கைக்கு அடங்கும்.

நிறமாலைமானியில் எண் சிறிதாக வருகிறதே என்று மருந்தை 1 மில்லிமோலாருக்கு ஏற்றுவார்கள். இப்போது மருந்து அதிகம், புரதம் குறைவு. நல்ல இடங்கள் நிரம்பியதும் மிச்ச மருந்து இரண்டாம் தர இடங்களில் மெல்ல ஒட்டும். அறிக்கையில் "பிணைப்பு 30 சதவீதம்தான்" என்று வரும். நோயாளியின் ரத்தத்தில் அந்த நிலைமை வருவதே இல்லை.

குளோரைடு விஷயம். பிளாஸ்மாவில் குளோரைடு சுமார் 100 மில்லிமோலார். செல்லுக்குள் அதைவிட மிகக் குறைவு. குளோரைடு நிறைய இருக்கும் வரை சிஸ்பிளாட்டின் தன் இரண்டு குளோரைடையும் ஓரளவு காத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் போட்டால் 37 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதி மூலக்கூறுகள் ஒரு குளோரைடை இழந்து தண்ணீரை ஏற்றிருக்கும். அந்த நீரேறிய வடிவம் பல மடங்கு வேகமாக ஒட்டும். ஆல்புமினைத் தண்ணீரில் மட்டும் கரைத்துச் சோதித்தவர்களுக்கு வேகம் கூடுதலாக வருவது இதனால்தான்.

4. சுழிய நேரம்

இதற்குத் தனித் தலைப்பே தேவை.

பிளாஸ்மாவும் வடிகட்டிகளும் மையவிலக்கியின் சுழலியும் முன்பே 4 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். பனிக்கட்டி மேல் இருக்கும் பிளாஸ்மாவில் மருந்தை விட்டு, மெதுவாக நாலைந்து முறை தலைகீழாக்கி, உடனே 0.4 மில்லி எடுத்து வடிகட்டியில் போட்டுச் சுழற்றுங்கள். வடிவதற்கே 10, 15 நிமிடம் ஆகும், அந்த நேரமும் வினை நடக்கும் நேரம்தான். குளிரில் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெளியே இருக்கும் சூட்டில் சுழற்றினால் உங்கள் சுழியம் சுழியமே அல்ல.

சுழியப் புள்ளியில் ஒட்டாத பிளாட்டினம் 95 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நான் அந்த நாளின் வேலையை அப்படியே நிறுத்தச் சொல்லிவிடுவேன். மருந்து முன்பே கெட்டிருக்கும், அல்லது வடிகட்டி பிடித்திருக்கும், அல்லது கை தாமதித்திருக்கும்.

5. 37 டிகிரியில் வைப்பதும் மாதிரி எடுப்பதும்

சுழியம் எடுத்ததும் மீதியை நீர்த்தொட்டிக்கு மாற்றுங்கள். நேரப்புள்ளிகள்: 15 நிமிடம், 30 நிமிடம், 1, 2, 4, 6, 24 மணி. முன்பகுதியில் நெருக்கமாக எடுப்பதற்குக் காரணம், கோட்டின் சாய்வு அங்கேதான் தெளிவாக இருக்கும்.

திறந்த குழாயில் வைக்கக் கூடாது. பிளாஸ்மாவிலிருந்து கரியமில வாயு வெளியேறி பிஎச் மெல்ல 8-ஐ நோக்கி ஏறும். நீரேறிய பிளாட்டினம் அப்போது ஹைட்ராக்சைடாக மாறிச் சோம்பேறியாகிவிடும். மூடி இறுக்கி, மேலே காற்றிடம் குறைவாக இருக்கும்படி சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள்; ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு குழாய். 5 சதவீதக் கரியமில வாயுப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. கடைசிக் குழாயில் பிஎச் தாளையாவது நனைத்துப் பாருங்கள்.

கரண்ட் கட் ஆவதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். மின்வாரியம் மாதப் பராமரிப்புக்கு அறிவித்திருக்கும் நாளில் இதைத் தொடங்காதீர்கள். நானே ஒருமுறை அதைக் கவனிக்காமல் தொடங்கி, பத்து மணிக்குப் போன கரண்ட் திரும்பி வருவதற்குள் தொட்டி 33-க்கு இறங்கியிருந்தது. இரண்டு பேரின் ரத்தமும் ஒரு நாள் உழைப்பும் போயிற்று.

எடுத்த மாதிரியை உடனே பனிக்கட்டியில் அழுத்தி, உடனே சுழற்றுங்கள்: 4 டிகிரி, 14,000 ஜி, 10 நிமிடம். பாதிக்கு மேல் வடியவிட வேண்டாம். படலத்தின் மேல் புரதம் கெட்டியாகச் சேரச் சேர அங்கே வினை வேகமெடுக்கும்.

"எல்லா நேரத்தையும் எடுத்து உறைபெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் மொத்தமாக வடிகட்டலாமே?" இந்தக் கேள்வி வருடா வருடம் வரும். கூடாது. உறைவதற்குள்ளும் உருகும்போதும் பிளாட்டினம் தொடர்ந்து ஒட்டிக்கொண்டே இருக்கும். பிரித்த பிறகு வடிநீரை வேண்டுமானால் உறையவையுங்கள், அதில் ஒட்டுவதற்குப் புரதம் இல்லை. முதலில் பிரிப்பது, அப்புறம் சேமிப்பது. இந்த வரிசை மாறினால் மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை.

வினையை நிறுத்தத் தயோசல்பேட் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது பிளாட்டினத்தை வேகமாகக் கவ்விச் செயலிழக்கவைக்கும் பொருள்தான். ஆனால் அதைப் போட்டால் படி 6-இல் வரும் நிறமும் வராது.

6. வடிநீரில் பிளாட்டினத்தை அளப்பது

ஐசிபி-எம்எஸ் இல்லாத இடத்தில் ஆர்த்தோ-பினைலீன்டையமீன் முறை கைகொடுக்கும். சுருக்கமாக ஓபிடிஏ. டைமெத்தில்பார்மமைடில் மில்லிக்கு 1.2 மில்லிகிராம் அளவில் புதிதாகக் கரைத்து, வடிநீரும் அதுவும் சம அளவு சேர்த்து, மூடி இறுக்கிச் சூடான தொட்டியில் வையுங்கள். பிளாட்டினம் இருந்தால் பச்சை கலந்த நீலம் வரும். 703 நானோமீட்டர் பக்கத்தில் அளக்க வேண்டும். பழைய கரைசல் தானாகவே பழுப்பேறும், அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை புகைக்கூண்டுக்குள் நடக்கட்டும்.

எவ்வளவு நேரம் சூடாக்குவது? நிறம் ஏறி நிற்கும் வரை. அது உப்பின் அளவைப் பொறுத்து மாறும் என்பதால், முதல் நாளே 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து உங்கள் தொட்டிக்கு உரிய நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அளவீட்டுக் கோட்டைத் தண்ணீரில் போடாதீர்கள்; மருந்து சேர்க்காத பிளாஸ்மாவின் வடிநீரில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்துப் போடுங்கள். அதே உப்பு, அதே யூரியா, அதே அமினோ அமிலங்கள் இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

கையில் கிடைப்பது 150 மைக்ரோலிட்டர் வடிநீர்தான், அதனால் நுண்குவளை வேண்டும். மூன்று அரைவாழ்வு (ஒட்டாத மருந்து பாதியாகும் நேரம்) கடந்ததும் அளவு வெற்றுக் கரைசலின் ஆட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குப் பின்னாலுள்ள புள்ளிகளை நம்ப வேண்டாம்.

வெளியே அனுப்பி ஐசிபி-எம்எஸ்ஸில் பார்ப்பதானால் மாதிரியை 1 சதவீத நைட்ரிக் அமிலத்தோடு 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். நைட்ரிக் மட்டும் என்றால் பிளாட்டினம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் மாதிரியில் தலைகாட்டும். நிறை 195-இல் அளப்பது வழக்கம். அந்த இடத்தில் ஹாஃப்னியம் ஆக்சைடும் குறுக்கே வரலாம் என்பதால் 194-ஐயும் சேர்த்துக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இரண்டு முறைகளும் பிந்தைய நேரங்களில் ஒத்துவராது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிளாஸ்மாவில் சிஸ்டீன், குளூட்டாதயோன் போன்ற சின்ன மூலக்கூறுகளும் உண்டு. அவற்றில் ஒட்டிய பிளாட்டினம் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். ஐசிபி-எம்எஸ் அதையும் எண்ணும். ஓபிடிஏ அதில் பெரும்பகுதியைப் பார்ப்பதில்லை. "வடிநீரில் இருப்பது" வேறு, "இன்னும் வேலை செய்யக்கூடிய மருந்து" வேறு என்பது இங்கே கண்ணுக்குத் தெரியும்.

7. மூன்று சரிபார்ப்புகள்

ஒன்று, மருந்தை மருந்தில்லாத வடிநீரில் மட்டும் கலந்து புதிய வடிகட்டியில் விடுங்கள். கலந்தது முழுக்க வெளியே வர வேண்டும். வராவிட்டால் படலம் பிடிக்கிறது.

இரண்டு, வடிநீரில் புரதம் கசிகிறதா என்று பிராட்ஃபோர்டு சோதனை. ஒரு கிழிந்த படலம் போதும், ஒட்டிய பிளாட்டினமும் ஒட்டாததாக எண்ணப்படும்.

மூன்று, கணக்கு நேராக வேண்டும். வடிநீரில் உள்ளது, மேலே தங்கியதில் உள்ளது இரண்டையும் கூட்டினால் போட்ட அளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் வர வேண்டும். இதற்கு மட்டும் ஐசிபி-எம்எஸ் வேண்டும். புரதத்தில் ஒட்டியதை ஓபிடிஏ நம்பகமாக அளக்காது. எல்லாவற்றையும் அனுப்பக் காசு இல்லையென்றால் சுழியம், 4 மணி, 24 மணி மூன்றையாவது அனுப்புங்கள்.

8. கார்போபிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் என்றால் எதை மாற்றுவது

கார்போபிளாட்டினில் குளோரைடுக்குப் பதில் இரு கையாலும் பிடித்திருக்கும் ஒரு வளையம் இருக்கிறது. அது அவிழ நேரம் பிடிக்கும். நோயாளிகளில் முதல் நான்கு மணி நேரத்தில் 29 சதவீதம் வரைதான் ஒட்டுகிறது. 24 மணி நேரத்தில் 85 முதல் 89 ஆகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால், சிஸ்பிளாட்டினை ஒரேயடியாக ஏற்றிய மூன்று மணி நேரத்தில் பிளாஸ்மாவிலுள்ள பிளாட்டினத்தில் 90 சதவீதம் புரதத்தில் இருக்கும். அதனால் கார்போபிளாட்டினுக்கு 15, 30 நிமிடங்களை விட்டுவிட்டு 12, 36, 48 மணி சேருங்கள். 37 டிகிரியில் இரண்டு நாள் பிளாஸ்மா இருந்தால் கிருமி வளரும், அசைடும் போட முடியாது. படி 2-இல் 0.22 மைக்ரானில் வடிகட்டச் சொன்னது இதற்காகத்தான்.

நோயாளியின் எண்ணும் குழாயில் வரும் எண்ணும் ஒன்றாக வராது. உடலில் ஒட்டாத பிளாட்டினத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சியதில் ஒட்டியதன் விகிதம் அதனாலேயே ஏறித் தெரியும். குழாயில் சிறுநீரகம் இல்லை. இதை மறந்துவிட்டு "என் முடிவு தப்பு" என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஆக்சாலிபிளாட்டின் வேகமானது. இறுதியில் 90 சதவீதத்துக்கு மேல் மீளாதபடி ஒட்டும். முக்கியமாக ஆல்புமினிலும் காமா குளோபுலினிலும். நேரப்புள்ளிகளைச் சிஸ்பிளாட்டினுக்கு வைத்ததுபோலவே வைக்கலாம்.

9. எண்ணை எழுதுவது

ஒட்டாத பிளாட்டினத்தின் அளவுக்கு இயல் மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிரே புள்ளி வையுங்கள். முதல் நான்கு, ஆறு மணி நேரம் நேர்கோடாக வரும். சாய்வு வேகமாறிலி, 0.693-ஐ அதால் வகுத்தால் அரைவாழ்வு.

கணக்குக்காக ஒரு உதாரணம்: சுழியத்தில் 32, இரண்டு மணியில் 17.6, நான்கு மணியில் 9.6 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். சாய்வு மணிக்கு 0.30, அரைவாழ்வு 2.3 மணி. 24 மணிப் புள்ளி இந்தக் கோட்டுக்கு மேலே நிற்கும். சின்ன மூலக்கூறுகளில் ஒட்டியது அங்கே எட்டிப்பார்க்கிறது. அதையும் சேர்த்துக் கோடு இழுத்தால் சாய்வு பொய்யாகும்.

எழுதும்போது நேரம், வெப்பநிலை, பிஎச், மருந்தின் தொடக்க அளவு, ஆல்புமின் அளவு ஐந்தும் எண்ணோடு சேர்ந்தே இருக்கட்டும்.

10. எந்தப் புரதம், எந்த இடம் என்று தேடப் போகிறவர்களுக்கு

பிளாஸ்மாவில் வேகம் கிடைத்த பிறகுதான் தனி ஆல்புமினுக்குப் போக வேண்டும். முதலிலேயே போனால் எதோடு ஒப்பிடுவது?

மனித ஆல்புமினில் 585 அமினோ அமிலங்கள், 17 டைசல்பைடு பாலங்கள். பாலத்தில் சேராமல் தனியாக நிற்கும் கந்தகம் ஒன்றே ஒன்று: சிஸ்டீன்-34. பிளாட்டினம் மென்மையான உலோகம், கந்தகமும் மென்மையானது. அதனால் எல்லார் கண்ணும் அங்கே போகும். ஆனால் மெத்தியோனின்களும் போட்டியில் இருக்கின்றன, குறிப்பாக மெத்தியோனின்-298, ஹிஸ்டிடின்களும் உண்டு. கடையில் வாங்கிய ஆல்புமினில் சிஸ்டீன்-34 பாதிக்குப் பாதி முன்பே ஆக்சிஜனேறியோ வேறொரு சிஸ்டீனால் மூடப்பட்டோ இருக்கலாம். முதலில் எல்மன் சோதனை செய்து, 412 நானோமீட்டரில் எத்தனை தயோல் (பாலத்தில் சேராத கந்தகம்) உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பங்கை அயோடோஅசிட்டமைடால் மூடிவிட்டு இரண்டையும் பக்கம் பக்கமாக ஓட்டினால், வேகத்தில் வரும் வித்தியாசம் சிஸ்டீன்-34-இன் பங்கைக் காட்டும். மிச்சமான அயோடோஅசிட்டமைடைக் கழுவி எடுத்த பிறகு மருந்தைச் சேருங்கள்.

ஜெல் ஓட்டுகிறவர்கள் பழக்கதோஷத்தில் மெர்காப்டோஎத்தனால் கலந்துவிடுவார்கள். நிறைமாலைக்கு (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) அனுப்புகிறவர்கள் டிடிடி சேர்ப்பார்கள். இரண்டும் கந்தகம் நிறைந்தவை. புரதத்திலிருந்து பிளாட்டினத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பிறகு "பிளாட்டினம் எங்கேயும் ஒட்டவில்லை" என்று எழுதுவார்கள்.

ஒளிர்வுத் தணிப்பு பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஆல்புமினின் டிரிப்டோபன்-214-ஐ 295 நானோமீட்டரில் தூண்டி, 340 பக்கம் வரும் ஒளி மருந்து சேரச் சேரக் குறைவதைப் பார்த்து, ஸ்டெர்ன்-வோல்மர் கோடு போட்டு, பிணைப்பு மாறிலி, ஆற்றல் மாற்றம் எல்லாம் கணக்கிடுவது நம் பக்கத்துத் திட்ட அறிக்கைகளில் வழக்கமாகிவிட்டது. மீளும் சமநிலைக்கு உரிய கணக்கு அது. மருந்தை விட்டு இரண்டு நிமிடத்தில் அளந்தால் பிளாட்டினம் இன்னும் ஒட்டவே தொடங்கியிருக்காது. ஒரு நாள் கழித்து அளந்தால் அது சமநிலை அல்ல. ஒளிர்வை அளக்க ஆசை என்றால் ஒரே கலவையை மணிக்கணக்கில் தொடர்ந்து, ஒளி குறையும் வேகத்தை எழுதுங்கள். மாட்டு ஆல்புமினில் டிரிப்டோபன் இரண்டு. மனித ஆல்புமினுக்கு எழுதிய விளக்கத்தை அதற்கு ஒட்டவைக்கக் கூடாது.

11. மாதிரியை வெளியே அனுப்புவது

அமிலம் சேர்த்த வடிநீரைத் திருகுமூடிக் குழாயில், மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் இழுத்துக் கட்டி, நிமிர்ந்தபடி அடுக்குங்கள். தெர்மோகோல் பெட்டியில் உறைந்த ஜெல் பொட்டலம் போதும். ஜூஸ் கடை ஐஸைப் போட்டால் வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் தண்ணீராகி எழுத்தெல்லாம் அழிந்துவிடும். குழாயில் பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டுங்கள். மார்க்கர் மை நிற்காது. கூட வைக்கும் சீட்டில் எதிர்பார்க்கும் பிளாட்டின அளவு, எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தீர்கள், ஹைட்ரோகுளோரிக் சேர்த்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். அளவு குறைந்த 24 மணி மாதிரியிலிருந்து தொடங்கிச் சுழியத்தைக் கடைசியில் ஓட்டச் சொல்லி வரிசையையும் குறித்துவிடுங்கள்.